ஒரு சகோதரிக்காக

மாத்திரை போட்டுக்கொள்வதற்கு முந்தின நாள் போனில் தமிழில் தேடிப் பார்த்தேன். கரு கலைந்தால் என்ன ஆகும், எவ்வளவு வலிக்கும், வீட்டிலேயே நடந்தால் என்ன செய்வது என்று. வந்ததெல்லாம் மறுபடியும் சீக்கிரம் கர்ப்பமாக என்ன சாப்பிட வேண்டும் என்பதுதான். பேரீச்சம்பழம் சாப்பிடுங்கள், மாதுளை சாப்பிடுங்கள், மனதை மகிழ்ச்சியாக வைத்துக்கொள்ளுங்கள். வந்த ஆத்திரத்தில் போனைக் கட்டிலில் விட்டெறிந்தேன். முதலில் இது எப்படிப் போகும் என்று சொல்லித் தொலையுங்களேன், அடுத்ததைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாம். யாரும் சொல்லாததால் நானே எழுதுகிறேன். இப்போது உடம்பு தேறிவிட்டது, பள்ளிக்கூடம் போய்வருகிறேன், எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன்.

என் பெயர் பிரிசில்லா. காக்ஸ் டவுனில் என் கணவர் ஸ்டான்லியின் அப்பா கட்டிய வீட்டில் இருக்கிறோம். மாமா இப்போது இல்லை. அத்தை, ஸ்டான்லி, நான், மூன்று பேர்தான். ஸ்டான்லிக்கு லிஃப்ட் சர்வீஸ் கம்பெனியில் வேலை. எந்த அபார்ட்மெண்டில் லிஃப்ட் நின்றாலும் அவர் போன்தான் முதலில் அடிக்கும். கல்யாணமாகிச் சில வருடங்கள் கழித்துத்தான் எனக்கு நாள் தள்ளிப்போனது. வீட்டிலேயே சோதித்துப் பார்த்தேன், இரண்டு கோடு வந்தது. மூன்று மாதம் முடியும்வரை யாருக்கும் சொல்லக்கூடாது என்று ஸ்டான்லி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அத்தையிடம் மட்டும் சொன்னோம். அத்தை பைபிளை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, என் வாயிலிருந்து ஒரு வார்த்தை வெளியே போகாது என்று வாக்குக் கொடுத்தார்.

அந்த வாக்கை அத்தை காப்பாற்றவும் செய்தார், அதுதான் பிரச்சினை.

எங்கள் சபையில் பெண்களுக்கு விடியற்காலை ஜெபம் உண்டு. முன்பு கோயிலுக்குப் போவார்கள். இப்போது எல்லாரும் அவரவர் வீட்டிலிருந்தே போனில் சேர்ந்துகொள்வார்கள். ஒரு டஜன் பேர் இருப்போம். மருமகளாக வந்த கையோடு என்னையும் அதில் சேர்த்துவிட்டார்கள், என்னைக் கேட்கவில்லை. நான் என் பக்கத்து ஒலியை நிறுத்திவிட்டு, போனை அரிசி டப்பாவின் மேல் சாய்த்து வைத்துக்கொண்டு மதியச் சாப்பாட்டுக்குக் காய் நறுக்குவேன். நடத்துகிற அக்கா ஒவ்வொரு விண்ணப்பமாகச் சொல்ல, ஒவ்வொருவராக ஜெபிப்பார்கள். பெயர் சொல்லவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பையன் குடிக்கிறானா, 'ஒரு வாலிபன்'. வீட்டின் மேல் கடனா, 'ஒரு குடும்பம்'. கர்த்தருக்குத் தெரியும் யாரென்று. மற்றவர்களும் காலை டிபன் முடிவதற்குள் கண்டுபிடித்துவிடுவார்கள், அது வேறு கதை.

நான் சொன்ன இரண்டாம் நாளே அத்தையின் குரல் போனில் வந்தது. "நமக்குத் தெரிஞ்ச ஒரு சகோதரி கர்ப்பமா இருக்கா. நல்லபடியா நிக்கணும்னு ஜெபிச்சுக்குங்க" என்றார். நான் கத்தியும் கையுமாகத் திரும்பினேன். அத்தை ஹாலில் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தார். அப்புறம் கேட்டதற்கு, ஆண்டவரிடம் சொல்வது வெளியே சொல்வதில் சேராது என்றார். பெயர் சொன்னேனா, சொல்லவில்லையே என்றார்.

கோபம் வந்திருக்க வேண்டும். உண்மையைச் சொன்னால், எனக்குப் பிடித்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் யாருக்கும் தெரியாது, திருப்பத்தூரில் இருக்கும் என் அண்ணனுக்குக்கூடத் தெரியாது, ஆனால் தினமும் விடிந்தும் விடியாமலும் ஒரு டஜன் பெண்கள் என் குழந்தைக்காகக் கெஞ்சிக்கொண்டிருந்தார்கள். அதிலும் வயலட் ஆன்ட்டி. அவர் வீடு பக்கத்துத் தெருவில். புருஷன் போய்விட்டார், ஒரே மகள் பெனிட்டா மைசூரில். பெனிட்டாவுக்கு எனக்கும் முன்னால் கல்யாணம் ஆனது, இன்னும் குழந்தை இல்லை, அம்மாவுக்கும் மகளுக்கும் பேச்சுவார்த்தையும் அவ்வளவாக இல்லை. அந்த வயலட் ஆன்ட்டிதான் எனக்காக எல்லாரையும்விட நீளமாக ஜெபித்தார். கண், காது, விரல் என்று தனித்தனியாகக் கேட்டார். நகம்கூட நல்லபடியாக வரவேண்டும் என்றார். நான் வெண்டைக்காயை நறுக்கிக்கொண்டே சிரித்தேன்.

அந்த வாரக் கடைசியில் உள்ளாடையில் பழுப்பாக ஒரு கறை பார்த்தேன்.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் அறைக்கு வெளியே நீளமாக நாற்காலிகள். எதிர்ச் சுவரில், ஆணா பெண்ணா என்று இங்கே சொல்லமாட்டோம், கேட்பதும் குற்றம் என்று கன்னடத்திலும் இங்கிலீஷிலும் பெரிய போர்டு. நர்ஸ் வந்து "நீரு குடிதீரா மேடம்?" என்று கேட்டாள். குடித்தேன், வயிறு முட்டக் குடித்தேன். உள்ளே போனதும் டாக்டர், போய் யூரின் போய்விட்டு வா, உள்வழியாகப் பார்க்கப் போகிறேன் என்றார். சின்ன வாரங்களில் வயிற்றின் மேல் வைத்துப் பார்த்தால் சரியாகத் தெரியாது. விரல் தடிமனில் ஒரு கருவியை உள்ளே வைத்துப் பார்ப்பார்கள். வலி இல்லை, கூச்சம்தான். இதையெல்லாம் முன்கூட்டியே யாராவது சொன்னால் அந்தத் தண்ணீரையாவது குடிக்காமல் இருந்திருப்பேன்.

டாக்டர் கன்னடக்காரர், தமிழ் நன்றாகவே பேசுவார். திரையை என் பக்கம் திருப்பாமல் ரொம்ப நேரம் பார்த்தார். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. பை இருக்கிறது, உள்ளே குழந்தை இருக்கிறது, இருதயத் துடிப்பு தெரியவில்லை என்றார். நாள் கணக்குத் தப்பாக இருந்தாலும் இப்படித் தெரியலாம், ஒரே ஒரு ஸ்கேனை வைத்து முடிவு சொல்லமாட்டேன், கொஞ்சநாள் விட்டு மறுபடி பார்க்கலாம் என்றார். நான் கணக்கு டீச்சர். என் நாள் கணக்குத் தப்பாக இருக்காது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் வாழ்க்கையில் முதல்முறையாக என் கணக்குத் தப்பாக இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

அந்த இடைப்பட்ட நாட்கள்தான் மிகவும் மோசம். இருக்கிறது என்றும் சொல்லமுடியாது, இல்லை என்றும் சொல்லமுடியாது. குமட்டல் நிற்கவில்லை. மசக்கை இருந்தால் குழந்தை நன்றாக இருக்கிறது என்று எங்கோ படித்திருந்ததால், ஒவ்வொரு முறை வாந்தி வந்தபோதும் சந்தோஷப்பட்டேன். வகுப்பில் பிள்ளைகளுக்குப் பின்னம் நடத்திக்கொண்டே மேஜைக்குக் கீழே வயிற்றைத் தொட்டுப் பார்ப்பேன். ஸ்டான்லி தினமும் சாயங்காலம் வந்து என் முகத்தைப் பார்ப்பார், டிவியைப் போடுவார். அத்தை மட்டும் ஜெபத்தில் விண்ணப்பத்தை மாற்றினார். அந்தச் சகோதரியின் குழந்தைக்குத் துடிப்பு வரவேண்டும் என்றார். ஐயோ, அன்றைக்கு வயலட் ஆன்ட்டி ஜெபித்ததைக் கேட்டிருக்கவேண்டும். அழுதுகொண்டே கேட்டார். அந்தச் சின்ன இருதயத்தை உம் விரலால் ஒருதரம் தொடும் ஆண்டவரே என்றார். துடிப்பு அப்போதே வந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

வரவில்லை. மறுபடி பார்த்தபோது குழந்தை வளரவும் இல்லை. முதல்முறை இருந்த அதே அளவுதான்.

டாக்டர் எழுதிய சீட்டில் 'மிஸ்டு அபார்ஷன்' என்று இருந்தது. குழந்தையின் வளர்ச்சி நின்றுவிட்டது, ஆனால் உடம்புக்கு அது இன்னும் தெரியவில்லை, அதனால் வெளியே தள்ளாமல் வைத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். எனக்கு அந்த இரண்டாவது வார்த்தையைப் பார்த்ததும் பற்றிக்கொண்டு வந்தது. நானா கலைத்தேன் என்று கேட்டேன். தானாகப் போனாலும் நாங்கள் அப்படித்தான் எழுதுவோம், அது வெறும் மருத்துவ வார்த்தை என்றார். பிறகு பேனாவை மூடிவைத்துவிட்டு என் கையைப் பிடித்தார்.

"நோடம்மா, இங்க பாரு, நீ எதுவும் பண்ணல. மாடி ஏறினதாலயோ, பஸ்ல போனதாலயோ, எதையோ சாப்பிட்டதாலயோ இது வரல. கரு உண்டாகும்போதே அதுல இருந்த குறை. பெரும்பாலும் அப்படித்தான். யார் என்ன சொன்னாலும் இதை ஞாபகம் வச்சுக்கோ."

மூன்று வழி இருக்கிறது என்றார். தானாகப் போகும்வரை காத்திருக்கலாம், எப்போது என்று சொல்லமுடியாது. மயக்கம் கொடுத்துக் கர்ப்பப்பையைச் சுத்தம் செய்யலாம், அதற்கு அட்மிட் ஆகவேண்டும். அல்லது மாத்திரை போட்டு வீட்டிலேயே வரவைக்கலாம். உனக்கு நாள் குறைவு, ரத்தம் நன்றாக இருக்கிறது, ஆஸ்பத்திரி பக்கம், அதனால் வீட்டில் செய்யலாம் என்றார். நான் வீடு என்றேன். வெள்ளை விளக்குக்குக் கீழே முன்பின் தெரியாதவர்கள் நடுவில் வேண்டாம், வீடென்றால் என் ஆட்கள் இருப்பார்கள் என்று நினைத்தேன். ரத்த வகையையும் பார்த்தார்கள். நெகட்டிவ் வகையாக இருந்தால் அடுத்த கர்ப்பத்துக்காக ஓர் ஊசி போடவேண்டி வரும் என்றார்கள். எனக்குத் தேவைப்படவில்லை.

இதைப் படிக்கிறவர்களுக்காக அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். டாக்டர் பார்க்காமல் இந்த மாத்திரையைப் போடக்கூடாது. தனியாக இருக்கக்கூடாது. மாதவிலக்கைவிட அதிகமாக வலிக்கும், வலி மாத்திரையை முதலிலேயே போட்டுக்கொள்ளலாம். கட்டிகட்டியாகப் போகும், பயப்படவேண்டாம். ஆனால் ஒரு மணி நேரத்தில் இரண்டு பெரிய பேடு நனைந்து, அடுத்த மணியிலும் அப்படியே போனால், அல்லது தலை சுற்றிக் கண் இருட்டினால், அல்லது காய்ச்சல் வந்து நாற்றமடித்தால், எந்த நேரமானாலும் ஆஸ்பத்திரிக்கு ஓடிவர வேண்டும்.

மாத்திரை வாங்குவது தனிப் போராட்டம். ஸ்டான்லிக்கு அதற்குள் போன் வந்து வண்டியை ஓரமாக நிறுத்திப் பேசிக்கொண்டிருந்தார். முதல் மெடிக்கலில் ஸ்டாக் இல்லை என்றார்கள். இரண்டாவது கடையிலும் இல்லை. மூன்றாவது கடைக்காரர் சீட்டைப் பார்த்தார், என் கழுத்தைப் பார்த்தார். நாங்கள் தாலி கட்டினவர்கள்தான், ஆனால் எனக்குச் செயின் உடைக்குள் இருக்கும். யாருக்கு இது, வீட்டுக்காரர் வரவில்லையா என்று கேட்டார். பக்கத்தில் இருமல் மருந்துக்கு நின்றவர் காதைத் தீட்டிக்கொண்டார்.

"எனக்குத்தான். வயித்துல குழந்தை செத்துப்போச்சு. வெளிய வர்றதுக்கு மாத்திரை. வேற ஏதாவது தெரியணுமா?" என்றேன்.

அவர் எடுத்துக் கொடுத்தார். பேடு பாக்கெட்டுகளைக் கேட்காமலே பேப்பரில் சுற்றிக் கறுப்புப் பையில் போட்டார். வெளியே வந்தபோதுதான் உறைத்தது, அந்த வார்த்தையை நான் முதன்முதலாகச் சொன்னது ஒரு மெடிக்கல் கடைக்காரரிடம். ஸ்டான்லியிடம்கூட 'துடிப்பு வரலை' என்றுதான் சொல்லியிருந்தேன்.

சனிக்கிழமை காலையில் மாத்திரை போட்டுக்கொண்டேன். பள்ளிக்கூடத்துக்கு வைரல் ஃபீவர் என்று சொல்லியாகிவிட்டது. ஸ்டான்லி லீவு போட்டிருந்தார். கட்டில் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார், எழுந்தார், ஃபேனைக் கூட்டினார், குறைத்தார். கொஞ்ச நேரத்தில் போன். ஏதோ அபார்ட்மெண்டில் லிஃப்டுக்குள் வயதான இரண்டு பேர் மாட்டிக்கொண்டார்களாம், போன பையனால் திறக்கமுடியவில்லையாம். அவர் என்னைப் பார்த்தார். வீட்டில் என்ன விஷயம் என்று கம்பெனியில் சொல்லவில்லை, என்ன காரணம் சொல்லி மறுப்பார்? போய்ட்டு வாங்க என்றேன். போகாதே என்று சொல்லியிருந்தால் இருந்திருப்பார். சொல்லாமலே இருப்பார் என்று பார்த்தேன். போய்விட்டார்.

முதலில் குளிர் எடுத்தது, பற்கள் அடித்துக்கொண்டன. அது மாத்திரையால் வருவது. அப்புறம் வலி. இடுப்பிலிருந்து தொடை வரைக்கும் இறங்கும், விடும், மறுபடி இறங்கும். அத்தை வெந்நீர்ப் பையைக் கொண்டுவந்து வயிற்றில் வைத்தார், என் நெற்றியில் கைவைத்து உதடு அசைய ஜெபித்தார், பிறகு அடுப்பில் ரசம் பொங்குகிறது என்று போய்விட்டார். அவரால் அங்கே நிற்கமுடியவில்லை என்று எனக்குத் தெரிந்தது. நான் பாத்ரூமுக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டேன். ஏன் தாழ்ப்பாள் போட்டேன் என்று தெரியவில்லை. பழக்கம்.

எவ்வளவு நேரம் இருந்தேனோ. சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ரத்தம் கட்டிகட்டியாகப் போனது. பக்கத்து வீட்டில் யாரோ துணி துவைத்துக்கொண்டு போனில் சிரித்துப் பேசுவது ஜன்னல் வழியாகக் கேட்டது. ஒரு வலி வந்தது, மற்ற வலிகளைப் போல இல்லை. அதோடு ஏதோ வழுக்கி வந்தது. வந்ததும் வலி சட்டென்று குறைந்தது. குனிந்து பார்த்தேன். ரத்தக்கட்டியிலிருந்து அது வேறாக இருந்தது, சாம்பல் நிறத்தில், மெல்லிய தோல் மாதிரி ஒரு சின்னப் பை. பார்க்காமல் இருந்திருக்கலாம் என்று சிலர் நினைக்கலாம். நான் பார்த்தேன். நான்தானே பார்க்கவேண்டும், வேறு யார் இருக்கிறார்கள்.

அதை என்ன செய்வது என்று டாக்டரிடம் கேட்க மறந்திருந்தேன். எங்கள் சபையில் எல்லாவற்றுக்கும் ஒரு முறை உண்டு. பிறந்தால் ஞானஸ்நானம், செத்தால் அடக்க ஆராதனை. இதற்கு ஒன்றும் இல்லை. வெளியே எடுத்துக்கொண்டு போனால் அத்தை மயங்கி விழுவார். பெயர் இல்லை, ஒரு துணியில் சுற்றும் அளவுகூட இல்லை. மன்னிச்சுக்கோ கண்ணு என்று சொல்லிவிட்டு ஃப்ளஷை அழுத்தினேன்.

தண்ணீர் வரவில்லை. எங்கள் தெருவுக்கு அந்த வாரம் காவேரித் தண்ணீர் விடவில்லை, லாரித் தண்ணீர்தான் கீழ்த் தொட்டியில் இருந்தது, மேல் தொட்டி காலி. வாளியிலும் இல்லை. நான் அங்கே நிற்கிறேன், அதுவும் அங்கே இருக்கிறது. தாழ்ப்பாளை எடுக்காமல் கதவோடு வாயை வைத்து, "அத்தை, மோட்டார் போடறீங்களா?" என்று கேட்டேன்.

சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றது. அத்தை எதற்கு என்று கேட்கவில்லை. சுவிட்ச் போடும் சத்தமும் கீழே மோட்டார் உறுமுவதும் கேட்டன. தொட்டி நிறையும்வரை காத்திருந்தேன். அவ்வளவு நேரம் அதோடு இருக்கக் கிடைத்தது, வேறு எப்போதும் கிடைக்கவில்லை.

ஸ்டான்லி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. நான் படுத்திருந்தேன். அவர் சட்டையைக்கூட மாற்றாமல் பாத்ரூமுக்குள் போய்த் தரையைத் தேய்த்துக் கழுவினார். பிரஷ் சத்தம் ரொம்ப நேரம் கேட்டது. வெளியே வந்து, லிஃப்டில் இருந்தவர்களை எடுத்துவிட்டேன் என்றார். நான் ம் என்றேன். அடுத்த தடவை நல்லபடியாக நடக்கும் என்றார். அவர் மேல் எனக்கு இன்றைக்கும் பாசம்தான், ஆனால் அந்த வாக்கியத்தை அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டாம்.

அத்தை அன்று சாயங்காலம் பூண்டுக் குழம்பு வைத்தார். மறுநாள் பால்சுறா வாங்கிப் புட்டு செய்தார். எல்லாம் பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிற சாப்பாடு. வாய்திறந்து ஒரு வார்த்தை கேட்காத மனுஷி, தட்டில் மட்டும் எனக்குப் பிரசவமான மரியாதையைச் செய்தார். பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு டீச்சர் டெங்குவாக இருக்கப்போகிறது என்று பப்பாளி இலைச் சாறு பிழிந்து பாட்டிலில் கொடுத்தனுப்பினாள். குடித்தால் குடல் வெளியே வரும், அவ்வளவு கசப்பு. அடுத்த ஸ்கேனில் டாக்டர், எல்லாம் போய்விட்டது, உள்ளே சுத்தமாக இருக்கிறது, குட் என்றார். நானும் தேங்க்யூ டாக்டர் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் ஜெபம் நிற்கவில்லை.

அத்தை அந்த விண்ணப்பத்தைச் சொல்வதை நிறுத்திவிட்டார். மற்றவர்கள் நிறுத்தவில்லை. அவர்களுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லையே. துடிப்பு வந்ததா என்று கேட்பதும் அங்கே வழக்கமில்லை, அது விசுவாசக் குறைவு. வந்துவிட்டது என்றே வைத்துக்கொண்டார்கள். அந்தச் சகோதரிக்கு மூன்று மாதம் முடிந்தது, ஸ்தோத்திரம் செலுத்தினார்கள். நான்காம் மாதம் பிறந்தது, சர்க்கரை வராமல் காக்கும்படி கேட்டார்கள். வயலட் ஆன்ட்டி ஒருநாள்கூட விடவில்லை. என் வயிற்றில் இல்லாத குழந்தை போனில் நாளொரு மேனியாக வளர்ந்துகொண்டிருந்தது. எனக்குத் தீட்டு வந்த நாளிலும் அதற்கு எலும்பு பலப்படவேண்டும் என்று ஜெபித்தார்கள். போனை அணைத்துவிடலாம்தான். முடியவில்லை. அந்தக் குழந்தையைப் பற்றிப் பேசுகிற ஒரே இடம் அதுதான்.

ஒருநாள் அத்தையிடம் சொன்னேன், அதை நிறுத்தச் சொல்லுங்கள் என்று.

"எப்படிம்மா சொல்றது? போயிடுச்சுன்னு சொன்னா யாருக்குப் போச்சுன்னு கேப்பாங்க. ஸ்டான்லிக்கு வாக்குக் கொடுத்துட்டேன்ல. தானா நின்னுடும், வுடு. ஜெபத்தால கெடுதல் ஒண்ணும் வராது."

எனக்கு வருகிறது அத்தை என்றேன். அத்தை புடவைத் தலைப்பால் மேஜையைத் துடைத்தார், துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார்.

அதற்குப் பிறகு சில நாட்கள் கழித்து, காலையில் நான் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். அத்தை ஹாலில் தன் போனோடு இருந்தார். வயலட் ஆன்ட்டி ஜெபிக்க ஆரம்பித்தார். இப்போது ஐந்து மாதம், குழந்தை அசைய ஆரம்பித்திருக்கும், அந்தச் சகோதரி அசைவை உணர்ந்து சந்தோஷப்படும்படி செய்யும் என்றார். என் கை என்னை அறியாமல் வயிற்றுக்குப் போனது. அவ்வளவுதான், இதற்கு மேல் ஒருநாள்கூடத் தாங்காது என்று ஆகிவிட்டது. போனை எடுத்து என் ஒலியைத் திறந்தேன்.

"ஆன்ட்டி, நான் பிரிசில்லா பேசறேன். அந்தச் சகோதரி நான்தான். குழந்தை இல்ல. ரெண்டாம் மாசத்துலயே போயிடுச்சு. இனிமே அதுக்காக ஜெபிக்காதீங்க" என்றேன்.

ஹாலிலிருந்த அத்தையின் போனில் என் குரலே ஒரு நொடி தாமதித்துத் திரும்ப வந்தது. குழந்தை இல்ல, போயிடுச்சு. அத்தை எழுந்து சமையலறை வாசலில் வந்து நின்றார். போனில் யார் வீட்டிலோ குக்கர் விசில் அடித்தது. யாராவது ஐயோ என்று சொல்வார்கள், ஆண்டவருடைய சித்தம் என்பார்கள் என்று காத்திருந்தேன். கடைசியில் வயலட் ஆன்ட்டியின் குரல் வந்தது. ஜெபிக்கிற குரல் இல்லை, சாதாரணக் குரல், ரொம்பச் சின்னதாக.

"அப்போ அது எங்க பெனிட்டா இல்லியா?"

எனக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. பெனிட்டா அம்மாவிடம் சொல்லக் கூச்சப்பட்டு என் அத்தையிடம் சொல்லியிருக்கிறாள், அதனால்தான் அத்தை பெயரை மறைக்கிறார் என்று வயலட் ஆன்ட்டி முதல் நாளிலிருந்தே நினைத்திருக்கிறார். மகள் போன் செய்யாததைக்கூட அதற்கு அடையாளமாக எடுத்துக்கொண்டிருக்கிறார். தானாகச் சொல்லட்டும், நாமாகக் கேட்டுக் கண் பட்டுவிடக்கூடாது என்று இத்தனை மாதமும் அவரும் அவளைக் கூப்பிடவில்லை. விரல், நகம், சின்ன இருதயம் எல்லாம் தன் பேரப்பிள்ளைக்குத்தான் கேட்டிருக்கிறார்.

"இல்ல ஆன்ட்டி. நான்தான்" என்றேன்.

நடத்துகிற அக்கா தொண்டையைச் செருமிக்கொண்டு, அடுத்த விண்ணப்பத்துக்குப் போகலாம் என்றார். அதற்குள் வயலட் ஆன்ட்டி அழ ஆரம்பித்துவிட்டார். போனை மூடத் தெரியவில்லையோ, மூடத் தோன்றவில்லையோ. வாய்விட்டு, வீட்டில் சாவு விழுந்தால் அழுவதுபோல் அழுதார். ஒவ்வொருவராக இணைப்பைத் துண்டித்துக்கொண்டு போனார்கள். திரையில் பெயர்கள் குறைந்துகொண்டே வந்தன. நான் வைக்கவில்லை. கத்தியைக் கீழே போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்து போனைக் காதோடு வைத்துக்கொண்டேன். அவர் அழுதது பெனிட்டாவின் குழந்தைக்காக, எனக்குத் தெரியும். என் குழந்தைக்காக வேறு யாரும் அழவில்லை, அதனால் கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தேன்.